திருச்சியும் சித்தன்னவாசலும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் ஐவரும் சித்தப்பாவின் காரில் திருச்சிக்குப் புறப்பட்டோம். இது வெறும் உல்லாசப் பயணம் அன்று. கல்லூரிப் படிப்பை முடித்திருந்த அக்கா, ஜூன் மாதம் கன்னியர் மடத்தில் சேர விரும்பினாள். அம்மா அழுதுவிட்டுச் சம்மதித்துவிட்டார்கள். அப்பாவோ அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். "எல்லோரும் சேர்ந்து ஒரு முறை எங்காவது போய் வருவோம்" என்று அம்மாதான் சொன்னார்கள். "கடைசியாக" என்ற சொல்லை அவர்கள் சொல்லவில்லை என்றாலும் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

மாலையில் திருச்சியை அடைந்தோம். முதலில் தூய லூர்து அன்னை ஆலயத்துக்குச் சென்றோம். வானை நோக்கி நிற்கும் அதன் கோபுரமும், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் கண்ணைக் கவர்ந்தன. அருகிலேயே தூய வளனார் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. அக்கா நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தாள். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மலைக்கோட்டை. கடைத்தெருவின் நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் இந்தப் பாறையின் உயரம் 83 மீட்டர். தம்பி படிகளை எண்ணினான், நானும் எண்ணினேன். இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. நானூறுக்கு மேல் என்பது மட்டும் உறுதி. ஏறும் வழியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகை இருக்கிறது. அவன் சமணத்தை விட்டுச் சைவத்தைத் தழுவியதை அங்குள்ள கல்வெட்டுக் குறிப்பதாக அறிஞர்கள் கருதுகின்றனர். உச்சியிலிருந்து பார்த்தால் காவிரி, அதற்கப்பால் திருவரங்கத்தின் பதின்மூன்று நிலை இராஜகோபுரம். 1987இல்தான் அது கட்டி முடிக்கப்பட்டதாம். எனக்கு வியப்பாக இருந்தது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்றல்லவா நினைத்திருந்தேன்! பிற்பகலில் கல்லணைக்கும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் விராலிமலை, அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் சென்றோம். புதுக்கோட்டையிலிருந்து இது 16 கிலோமீட்டர். அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆடவர் எல்லாம் அதில் உண்டு. நிறம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. எஞ்சியதே இவ்வளவு அழகென்றால் முழுதாய் இருந்தபோது எப்படியிருந்திருக்கும்! உட்கருவறையில் நின்று மெல்ல முனகினால் அறை முழுவதும் ரீங்காரம் எழுகிறது. தம்பியை வெளியே இழுத்துவரப் பெரும்பாடாகிவிட்டது.

ஆனால், தோழியரே, உண்மையான மலையேற்றம் ஏழடிப்பட்டத்தில்தான். மலைக்கோட்டையைப் போல ஒழுங்கான படிகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. வழுவழுப்பான பாறைமீது ஏறி, உச்சியைக் கடந்து, மறுபுறம் இறங்க வேண்டும். அங்கே பாறையின் விளிம்பில் ஓர் ஒடுங்கிய வழி. கால் வைப்பதற்கென்று பாறையில் வெட்டிய ஏழு குழிகளால்தான் அந்தப் பெயர் வந்தது. இப்போது இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். அந்நாளில் அதுவும் இல்லை. அம்மா கீழேயே தங்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு உயரம் என்றால் பயம். எங்கள் வீட்டு மொட்டைமாடியின் ஓரத்துக்குக்கூடப் போகமாட்டார்கள். விளிம்புக்கு வந்ததும் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள், முகமெல்லாம் வியர்வை. முன்னே போன அக்கா திரும்பி வந்தாள். "அப்பா, கீழே பார்க்காதீங்க. என் காலைப் பார்த்துக்கிட்டே வாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த கை அது. அடியடியாக இருவரும் நடந்தார்கள்.

குகைக்குள் பதினேழு கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் சற்று உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. எருமிநாட்டில் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் என்பவர் செய்தளித்த இருக்கை இது என்பது அதன் செய்தி.

அப்பா அந்தப் படுக்கைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அக்காவிடம், "இந்தக் கல்லிலே எப்படியம்மா தூங்கினாங்க?" என்று கேட்டார்கள்.

"எங்களுக்கெல்லாம் கட்டில் உண்டுப்பா" என்றாள் அக்கா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அன்றுதான் சிரித்தார்கள்.

திரும்பும்போது அப்பாதான் முன்னே நடந்தார்கள். கம்பியை மட்டும் விடவில்லை. கீழே அம்மா நுங்கு வாங்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று கிடைத்தது, தம்பிக்கு ஐந்து. காரில் ஏறிய பின்னர், "ஜூன் மாதம் எத்தனாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க?" என்று அப்பா கேட்டார்கள். அம்மா தேதியைச் சொன்னார்கள். "அப்படியானால் ரயிலுக்கு இப்போதே பதிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியைக் கிளப்பினார்கள்.