எட்டுப் புள்ளி, நாலு புள்ளி, சப்பை

பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பில்டிங் பிளாக்ஸ் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். படத்தில் ஒரு விண்கலமோ கோட்டையோ போலீஸ் நிலையமோ இருக்கும். அதைக் கட்டுவதற்கு வேண்டிய துண்டுகளை எண்ணி உள்ளே போட்டிருப்பார்கள். கூடவே ஒரு வழிகாட்டிப் புத்தகம். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டி முடிக்கும், அப்பா அதைத் தூக்கி ஷோகேஸில் வைப்பார். பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. பெரிய செட்டாக வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால், கொட்டிக் குவித்து அள்ளுகிற அளவுக்குச் சாதாரணக் கட்டைகள் நிறைந்த செட்டைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் கோடை விடுமுறைக்கும் நவராத்திரிக்கும் அண்ணன் பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் கூடுவார்கள். இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராதது ஒன்று, ஆறாம் வகுப்பு முடித்தது ஒன்று, நடுவில் மற்றவை. பாதிப் பேருக்கு நான் அத்தை, மீதிப் பேருக்குப் பெரியம்மா. எல்லாருக்கும் பொதுவாக ஒரே செட் வாங்குவது என்று வந்தபோது, எத்தனை கட்டைகள் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. கட்டை குறைவாக இருந்தால் பெரியவன் வீடு கட்டத் தொடங்கும்போதே சின்னவளுக்கு எதுவும் மிஞ்சாது. பதுக்கல் தொடங்கும், பாவாடை மடிக்குள் கட்டைகள் போகும், அழுகை கேட்கும். நிறைய இருக்கும்போது அதே பிள்ளைகள், “இந்தா, நீ கேட்ட நீலம்” என்று தூக்கிப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். தாராளம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வரும், இருப்பு இருந்தால்.

அளவுக்கு ஒரு உதாரணம் சொல்வதானால், 2015-இல் லெகோ ‘கிளாசிக்’ வரிசையில் வந்த பெரிய பெட்டியில் 790 துண்டுகள், 33 நிறங்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து உட்கார அது தாராளம். ஐந்தாறு பேர் கூடுகிற வீட்டுக்கு அதைப்போல் இரண்டு வேண்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒற்றைப் புள்ளிக் குட்டித் துண்டுகளையும் பூ, கைப்பிடி, கண் போன்ற பொடிகளையும் போட்டே ஆயிரம் என்று கணக்குக் காட்டலாம். எட்டுப் புள்ளிக் கட்டை எத்தனை என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகளின் பேச்சில் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. இரண்டு வரிசையில் நாலு நாலு குமிழ் உள்ளது எட்டுப் புள்ளி. அதில் பாதி நாலு புள்ளி. தட்டையானது சப்பை. “பெரியம்மா, எட்டுப் புள்ளி சிவப்பு உங்க பக்கம் இருக்கா?” என்று கேட்டால் பெரியவர்களும் தேடித்தான் ஆக வேண்டும்.

அந்த எட்டுப் புள்ளிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்கறிஞர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே நிறத்தில் இரண்டு கட்டைகளை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு கட்டைகளை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகப் பொருத்தலாம் என்று டென்மார்க்கின் கணிதப் பேராசிரியர் ஸோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு கண்டார். வெறும் ஆறு கட்டைகள்! இதைப் படித்த பிறகு, விதவிதமான சிறப்புத் துண்டுகளுக்காகக் காசைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பிடிப்பு. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-இல் தச்சர் ஒலே கிர்க் கிறிஸ்டியான்சன் மரப் பொம்மை செய்யத் தொடங்கியதுதான் இன்றைய லெகோ நிறுவனம். 1949-இல் அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் கட்டைக்கு அடிப்பக்கம் வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் உறுதியாக நிற்காது. அதற்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் செய்த கட்டை. 1957-இல் இறந்துபோன அந்த மனிதரை இன்று பலரும் அறியமாட்டார்கள், அறிய வேண்டும். ஒலேயின் மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையில்தான் உள்ளே குழாய்கள் வந்தன. மேல் கட்டையின் குழாயும் சுவரும் கீழ்க் கட்டையின் குமிழை மூன்று இடத்தில் கவ்விக்கொள்கின்றன. 1963-இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறியதும் கட்டை நெளியாமல், வடிவம் குலையாமல் நின்றது. 1958-இல் வார்த்த கட்டை இன்றைக்கு வார்க்கும் கட்டையோடு பொருந்துகிறது. பாட்டியின் சொப்புச் சாமானைப் பேத்தி எடுத்து விளையாடுவது போலத் தலைமுறை தாண்டி வரக்கூடிய பிளாஸ்டிக் பொருள் வேறு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விலையைப் பார்த்தால் மூச்சு வாங்கும், அதையும் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், அந்த ஆதிக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்கிக்கொள்ள நடந்த முயற்சியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும் ஏற்கவில்லை. அதனால் இந்த அளவில் கட்டை செய்ய யாருக்கும் உரிமை உண்டு. சென்னையில் பாரிமுனைப் பக்கம் போனால் பக்கெட் பக்கெட்டாகக் கிடைக்கிறது. சில நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றில் பிடிப்பு தளர்ந்து, நாலு மாடி எழும்புவதற்குள் சரிந்துவிடும். சிலவற்றை ஒட்டிவிட்டால் பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். பிள்ளை இதில் சோர்ந்துபோனால், தனக்குக் கட்ட வரவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். கட்டை சரியில்லை என்று அதற்குத் தோன்றாது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். ஆகவே பெரிய செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதே தயாரிப்பில் ஒரு சின்னப் பாக்கெட் வாங்கி வீட்டில் சோதித்துப் பாருங்கள். பத்துக் கட்டைகளை நீளமாகக் கோத்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் விழக்கூடாது. வீட்டிலேயே சின்னப் பிள்ளையால் தானாகப் பிரிக்க முடியவும் வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது சட்டப்படியே தேவை. மூன்று வயதுக்குட்பட்டது வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு எதுவும் அந்த வயதுக்கு ஆகாது என்பது உலகெங்கும் பொம்மைச் சோதனையில் உள்ள விதி. சின்னக் குழந்தையின் தொண்டையை நினைத்து வைத்த அளவு அது. எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்காக லெகோவின் டூப்ளோ கட்டைகளையும் சேர்த்தோம். 1969-இல் வந்த அந்த வகையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சின்னக் கட்டையைப்போல் இரண்டு மடங்கு. அதன் மேல் சின்னக் கட்டைகளைப் பொருத்தவும் முடியும். கடைக்குட்டி விழித்திருக்கும் வரை பெரிய பிள்ளைகள் கட்டிலின் மேல் ஏறிக்கொண்டு கட்டுகிறார்கள், அடித்தளம் மட்டும் கடைக்குட்டியின் டூப்ளோவாக இருக்கிறது.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பழைய போர்வையை விரித்து அதன்மேல் கொட்ட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் எல்லாம் பைக்குள் போய்விடும். எச்சிலும் அழுக்கும் ஏறினால் வலைப் பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், கையால் அலசலாம். மொட்டை மாடி வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் பழுத்து மஞ்சளாகிவிடும்.

நவராத்திரியில் கொலுப்படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போடும் பார்க்கில்தான் இந்தக் கட்டைகளின் முழு அருமையும் தெரிகிறது. கேழ்வரகு முளைத்த புல்தரை, கண்ணாடி வைத்த தெப்பக்குளம், மணல் மலை எல்லாம் பழையபடி இருக்க, குளத்தின் குறுக்கே பாலமும் மலையடியில் ரயில் நிலையமும் எட்டுப் புள்ளியில் எழும்புகின்றன. எந்தப் பெட்டியின் மேலும் இல்லாத ரயில் நிலையம் அது. தண்டவாளம் ஓரிடத்தில் சப்பை, ஓரிடத்தில் தீக்குச்சி. பிளாட்பாரத்தில் தஞ்சாவூர்ப் பொம்மை தலையாட்டியபடி ரயிலுக்குக் காத்திருக்கும். அண்ணன் மகன் பாலத்தின் நடுவில் தூண் வைக்காமல் கட்டப் பார்த்து, இரண்டு முறை குளத்தில் விழவிட்டு, பிறகு கட்டைகளைச் செங்கல் சுவர் போல மாற்றி மாற்றி அடுக்கியபோது அது நின்றது. யாரும் சொல்லித் தரவில்லை. தங்கை மகள் உடனே அதைப் பார்த்துத் தன் மதில் சுவரையும் பிரித்து அதேபோல் கட்டத் தொடங்கினாள்.

இந்த வருடம் கோயில் தேர் வேண்டும் என்கிறார்கள். தேரென்றால் வடம் பிடித்து இழுக்க வேண்டும், நிஜமாக நகர வேண்டும். இருக்கிற சக்கரம் பற்றாது. சக்கரங்கள் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று அடுத்த வாரம் பாரிமுனைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.