வரவு ஆம்பியர், செலவு ஆம்பியர்

நாமக்கல் பரமத்தி சாலையை ஒட்டிய சந்துகளில் பொழுது விடிந்ததும் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடும். லாரிகளுக்குப் பாடி கட்டும் ஊர் இது. பெரிய பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சத்தைத் தாண்டி நான் போய் நின்றது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருக்கும் ஒரு சின்னக் கடை. 'டைனமோ, செல்ஃப் மோட்டார் வைண்டிங் செய்யப்படும்' என்று தகரப் பலகையில் கையால் எழுதியிருந்தது. உள்ளே இரண்டே பேர். வண்டிகளைப் பார்க்கிற மேஸ்திரி. மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து காயில் சுற்றுகிற பெரியவர். இருவரும் சேர்ந்து முப்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்கள் வேலையை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எட்டு மணிக்கு ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒரு பிக்கப் வந்தது. பின்புறம் முழுவதும் பழச்சாறுக் கடையாக மாற்றியிருந்தார்கள். வாரச்சந்தைக்கும் கோயில் திருவிழாவுக்கும் போய் நிற்கிற வண்டி. ஓட்டி வந்த இளைஞருக்கு முப்பது வயதிருக்கும்.

"அண்ணா, பெருசா ஒரு டைனமோ மாட்டிக் குடுங்க. ரெண்டு மணி நேரம் யாவாரம் பண்ணுனாப் போதும், வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. போன வாரம் திருவிழாவுல நாலு பேரு தள்ளித்தான் ஸ்டார்ட் ஆச்சுங்க."

மேஸ்திரி ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்தார். "மொதல்ல கணக்கைப் பாத்துரலாம் கண்ணு. என்னென்ன மாட்டி வெச்சிருக்கறன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு."

இறக்கியிருந்த ஷட்டர் பாதியில் எழுத ஆரம்பித்தார். எல்இடி விளக்கு ஆறு, ஒவ்வொன்றும் 20 வாட். மொத்தம் 120 வாட், பன்னிரண்டு வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். கூவி விற்க ஆம்ப்ளிஃபயர், 12 ஆம்பியர். சின்னக் குளிர்பெட்டி, 5. நின்ற இடத்தில் இன்ஜின் ஓட அதன் சொந்தச் செலவு, 10. கடைசியாக இன்வெர்ட்டரில் ஓடுகிற 500 வாட் மிக்ஸி. இன்வெர்ட்டர் தின்கிற பங்கையும் சேர்த்தால் அது மட்டும் 50 ஆம்பியர் இழுக்கும். எல்லாம் ஒன்றாக ஓடினால் 87.

"மிக்ஸி ஒரு மணி நேரத்துல எத்தனை நிமிசம் ஓடும்?"

"இருவது நிமிசம் இருக்குமுங்க."

"அப்ப அது சராசரிக்குப் பதினேழுன்னு வெச்சுக்கலாம். மொத்தச் செலவு அம்பத்தி நாலு. வரவு எவ்வளவுன்னு பாக்கலாம் வா."

பானெட்டைத் தூக்கி டைனமோவின் மேல் ஒட்டியிருந்த தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். 65 ஆம்பியர் என்றிருந்தது. 54-ஐ விட 65 பெரிது, பிறகு ஏன் பேட்டரி படுக்கிறது? நான் கேட்க நினைத்ததை அவரே சொன்னார். தகட்டில் போட்டிருப்பது டைனமோ நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது கிடைக்கிற அளவு. வண்டி ஸ்லோவில் நிற்கும்போது இன்ஜின் 800 சுற்றுதான். புல்லியின் கணக்கில் டைனமோ 2000 சுற்றும். அந்த வேகத்தில் இது 30 ஆம்பியரைத் தாண்டாது. மணிக்கு 24 கடன். மூன்று மணி நேரத்தில் 72. வண்டியில் இருப்பது 80 ஆம்பியர்-மணி பேட்டரி.

இளைஞர் ஷட்டரைப் பார்த்தபடியே நின்றார். இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியிருக்கிறார். குற்றம் பேட்டரியில் இல்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

டைனமோ என்று இங்கே எல்லோரும் சொல்வது உண்மையில் ஆல்டர்னேட்டர். பழைய கார்களில் நேர்மின்சாரம் தரும் டைனமோதான் இருந்தது. சிலிக்கான் டையோடுகள் மலிவான பிறகு, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆல்டர்னேட்டர் அதன் இடத்தைப் பிடித்தது. பொருள் மாறியும் பட்டறையில் பெயர் மாறவில்லை. நடுவில் சுழல்வது ரோட்டர். அதன் கம்பிச் சுற்றுக்கு இரண்டு கார்பன் பிரஷ் வழியாகச் சில ஆம்பியர் கொடுத்தால் அது காந்தமாகிறது. அதைச் சுற்றி நிற்கிற ஸ்டேட்டர் காயிலில் மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம் பிறக்கிறது. டையோட் பிளேட் அதை நேர்மின்சாரமாக்குகிறது. கட்அவுட் என்று இவர்கள் சொல்லும் ரெகுலேட்டர், ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் வோல்ட்டேஜை 14-ஐ ஒட்டி நிறுத்துகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான், பெல்ட்டும் புல்லியும் மாட்டிக்கொண்டு இங்கே சுழல்கிறது.

நாமக்கல்லில் லாரி டைனமோவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லாரியில் ஓடுவது 24 வோல்ட். பிக்கப்புக்கு வேண்டியது 12. அதனால் 12 வோல்ட்டில் 120 ஆம்பியர் தரும் ஒரு பழைய யூனிட்டை மேஸ்திரி எடுத்து வைத்தார். அதன் ஸ்டேட்டர் கருகியிருந்தது. அது மூலையில் இருந்த பெரியவரிடம் போனது.

நான் அவர் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸ்டேட்டரின் உள்விளிம்பில் வரிசையாகப் பள்ளங்கள். எண்ணினேன், முப்பத்தாறு. கருகிய கம்பியை வெட்டி உருவி, ஒவ்வொரு பள்ளத்தையும் மூங்கில் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்தார். லெதராய்டு தாளைக் கத்தரித்து மடித்துப் பள்ளத்துக்குள் செருகினார். பிறகு எனாமல் பூசிய செம்புக் கம்பியை இறக்கத் தொடங்கினார். கம்பியைப் பள்ளத்தின் விளிம்பில் உரச விடாமல், இடது கட்டைவிரலால் தாங்கி, வலது கையால் அழுத்தி உட்கார வைக்கிறார். ஓரிடத்தில் எனாமல் உரிந்தாலும் இரும்பில் பட்டு மொத்தக் காயிலும் வீண். அந்தக் கட்டைவிரல் நகம் நடுவில் பள்ளம் விழுந்து, கம்பிக்கென்றே செய்த கருவி மாதிரி ஆகியிருந்தது.

சுற்றும்போது அவர் யாரிடமும் பேசுவதில்லை. உதடு மட்டும் அசைகிறது, எண்ணுகிறார். ஒரு வரிசை முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு என் கேள்விக்குப் பதில் சொன்னார்.

"தடிச்ச கம்பியப் போட்டுச் சுத்தைக் கொறைச்சா கரண்ட்டு ஜாஸ்தி வருமுங்க. ஆனா ஸ்லோவுல சார்ஜே ஏறாது, வண்டி வேகமெடுத்தாத்தான் ஏறும். இந்தத் தம்பி நிறுத்தி வெச்சு யாவாரம் பண்றவரு. அவருக்கு அப்படிச் சுத்துனா அது துரோகமுங்க."

அந்தச் சொல் என்னை உலுக்கியது. கம்பிச் சுற்றின் எண்ணிக்கையில் ஒருவருடைய பிழைப்பைப் பார்க்கிற மனிதர் இவர். பலகைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அட்டை கிழிந்து, வார்னிஷ் கறை படிந்த நோட்டு. எந்த யூனிட்டுக்கு எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வைண்டிங் டேட்டா என்பார்கள். பழைய காயிலைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சேர்த்தது.

மதியம் வார்னிஷில் முக்கி எடுத்த ஸ்டேட்டர் அடுப்பில் காய்ந்தது. மேஸ்திரி புதுப் பேரிங், புது பிரஷ் போட்டார். ஆறு டையோடையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பூட்டிய டைனமோவை மோட்டார் மேடையில் ஏற்றி, பெல்ட் மாட்டி ஓடவிட்டார். சுமையாக, ஒரு பலகையில் வரிசையாகப் பதித்த பழைய ஹெட்லைட் பல்புகள். ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டத் தட்ட, பல்புகள் எரிய, மோட்டாரின் சத்தம் கனத்தது. 2000 சுற்றில் கிளாம்ப் மீட்டர் 60 ஆம்பியர் காட்டியது. 54 செலவுக்கு 60 வரவு. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

டைனமோ பெரிதானால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதி வேலை அதற்குப் பிறகுதான். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் பழைய ஒயர் 65 ஆம்பியருக்குப் போட்டது. அதில் 120-ஐ ஓட்டினால் ஒயர் அடுப்பாகிவிடும். மேஸ்திரி 25 சதுர மில்லிமீட்டர் கேபிளை இழுத்து, பேட்டரி ஓரத்தில் ஃபியூஸ் வைத்தார். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் ஒயரின் முனையில் துருவைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினார். கடைச் சாமான்களுக்குத் தனியாக இரண்டாவது பேட்டரி. இன்ஜின் நின்றால் ரிலே இரண்டையும் பிரித்துவிடும். மிக்ஸி எவ்வளவு இழுத்தாலும் செல்ஃப் அடிக்கிற பேட்டரி தப்பிக்கும்.

"சின்னப் புல்லி போட்டா ஸ்லோவுலயே இன்னும் வருமாமே அண்ணா?" என்றார் இளைஞர்.

"வரும் கண்ணு. அப்புறம் நீ சேலம் ரோட்டுல எண்பதுல போறப்ப ரோட்டர் தாங்காது."

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்க்கும் பழக்கத்தையும் அவர் கண்டித்தார். கழற்றிய நொடியில் வோல்ட்டேஜ் எகிறும். டையோடு போகும், இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும். கூரையில் கண் கூசும் வெள்ளை விளக்கு கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். "எதுக்க வர்ற டிரைவருக்கும் ஊடு வாசல் இருக்குதுங்களே" என்றார். ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிறவர்களின் ஊரில் அதை விடச் சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருட்டும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது. விளக்கு, ஆம்ப்ளிஃபயர், குளிர்பெட்டி எல்லாம் போட்டுவிட்டு, கடைசியில் மிக்ஸியைத் தட்டினார் இளைஞர். எல்இடி விளக்கு ஒரு இமைப்பு கூட மங்கவில்லை. அந்த 60 ஆம்பியருக்கு இன்ஜினிலிருந்து ஏறக்குறைய இரண்டு குதிரைச் சக்தி போகிறது, டீசலில் அது தெரியும் என்பதையும் மேஸ்திரி மறைக்காமல் சொன்னார். முதலில் போட்ட சாறு பெரியவருக்குப் போனது.

இந்த வேலைக்கு ஆள் வருவதில்லை என்பதுதான் இருவரின் கவலை. ஐடிஐ-களில் வண்டி மின்சார வேலைக்குப் பாடப்பிரிவு இருக்கிறது. படித்த பிள்ளைகள் கெட்டுப்போன யூனிட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். கருகியதைப் பிரித்து எண்ணிச் சுற்ற, இந்தக் கடைக்கு வந்த கடைசிப் பையன் நின்று ஆறு வருடமாகிறது. முப்பது வருட எண்ணிக்கை ஒரே ஒரு நோட்டில் இருக்கிறது. அதற்கு நகல் இல்லை. அடுத்த முறை வரும்போது பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தரட்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன். "எடுத்துக்கோங்க, யாருக்காச்சும் ஆகட்டும்" என்றார்.

நான் கிளம்பும்போது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைய காயிலின் சுற்றும் கேஜும் ஒரு புதுவரியில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் 'நின்னு யாவாரம் பண்ற வண்டிக்கு' என்று சேர்த்தார்.