உரிமையாளர் கட்டத்தில் யார் பெயர்?

திருட்டு என்றால் என்ன என்று விளக்க வந்த இந்திய தண்டனைச் சட்டம், 378-ஆம் பிரிவில் ஒரு நாயை உதாரணம் காட்டியது. அடுத்தவர் நாயை மயக்கும் தீனியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவன் நடக்கிறான். அவன் எண்ணம் கெட்டதாக இருந்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய கணத்திலேயே திருட்டு முடிந்தது. அதே பிரிவில் இன்னொரு உதாரணம்: யார் வசமும் இல்லாமல் நெடுஞ்சாலையில் கிடந்த மோதிரத்தை ஒருவன் எடுக்கிறான். அது வேறு குற்றமாகலாம், திருட்டு ஆகாது. 1860-இல் எழுதிய இந்த இரண்டு உதாரணங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வில்லியனூர் நாயின் விவகாரம் வழக்கறிஞரான என்னிடம் வந்தது, கொரோனா ஊரடங்குக்கு முந்தைய வருடம்.

வில்லியனூருக்கும் பிரான்சுக்கும் உள்ள தொடர்பைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருக்காமீசுவரர் கோயில் தேர் வடத்தைப் பிரெஞ்சு கவர்னரே பிடித்து இழுத்த ஊர் அது. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைப்பது சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. என் கட்சிக்காரர் அப்படி ஒரு சொல்தாவின், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின், மகன். பாரிஸ் பக்கம் வேலை. லீவுக்கு ஊருக்கு வருவார்.

அடிபட்ட தெருநாய்களைத் தேற்றி வெளிநாட்டில் வீடு பார்த்துக் கொடுக்கும் சிலர் அவரை அணுகினார்கள். நாயைச் சரக்காக அனுப்பினால் செலவு தாங்காது. பயணி ஒருவர் தன் டிக்கெட்டோடு கூட்டிப்போனால் கூடுதல் லக்கேஜ் கட்டணத்தோடு முடிந்துவிடும். கூண்டு, பணம், காகிதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவர் சென்னையில் ஏற்றி, பாரிஸில் இறக்கி, அங்கே காத்திருக்கும் பெண்மணி கையில் கொடுத்தால் போதும். சல்லிக்காசு கிடையாது. புண்ணியம் என்று ஒத்துக்கொண்டார்.

ஏற்பாடு சாதாரணமானதல்ல. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் நாய்க்கு முதலில் தோலுக்கடியில் சிப் பொருத்த வேண்டும். பிறகு ரேபிஸ் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. கடைசியில் விலங்குத் தடுப்புக்காப்பு அலுவலகத்தின் சான்று. அவ்வளவையும் அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். காரில் அடிபட்டு ஒரு காலை இழந்த நாய் அது. அதைப் பிழைக்க வைத்ததே பெரிய காரியம்.

பழகட்டும் என்று கிளம்புவதற்குச் சில நாள் முன்பே நாயைக் கட்சிக்காரர் வீட்டில் விட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் போன இட்லிக்கடை அம்மா அதைப் பார்த்துவிட்டார். செத்துப்போயிற்று என்று நினைத்திருந்த நாய், அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மூன்று காலால் தத்தி வந்து கேட்டில் முட்டியது. அன்று சாயங்காலமே காவல் நிலையத்தில் புகார்: “எங்க நாயைத் திருடி வெள்ளைக்காரங்களுக்கு விக்கிறாங்க.”

மோதிர உதாரணத்தை நம்பித்தான் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். தெருநாய் யார் வசத்திலும் இல்லை. வசத்தில் இல்லாததைத் திருட முடியாது. சோறு போடுவது உரிமை ஆகாது. வாதம் தயார். அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அரசு கால்நடை மருந்தகத்தில் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்ட சீட்டு. உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர்.

எங்கள் கோப்பிலும் ஒரு தடுப்பூசிப் புத்தகம் இருந்தது. அதில் உரிமையாளர் என் கட்சிக்காரர். சப்-இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், இந்தத் தேதியில உங்க ஆளு எங்க இருந்தாரு?” பாஸ்போர்ட் முத்திரைப்படி பாரிஸில்.

கட்சிக்காரரை வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். “ஏங்க, இதுல கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான் சார். கூட்டிட்டுப் போறவங்க பேர்ல இருந்தாத்தான் ஏத்துவாங்கன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்.”

திருட்டுக் குற்றச்சாட்டிலிருந்து அவரை மீட்டிருக்க முடியும். கெட்ட எண்ணம் இல்லை என்பது தெளிவு. என்னை யோசிக்க வைத்தது கோப்பில் இருந்த இன்னொரு தாள். செல்லப்பிராணியோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகிறவர் எழுதித் தர வேண்டிய உறுதிமொழி அது: இந்தப் பயணம் விற்பதற்கோ, உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கோ அல்ல. இறங்கியதும் நாயை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறவர் அதில் கையெழுத்திட்டிருந்தார். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கைமாற்றப் போகும் நாய் அங்கே வணிக விதிகளின் கீழ்தான் வரும். அதற்கான சான்றிதழும் எல்லைச் சோதனையும் வேறு. வில்லியனூர் ஸ்டேஷனில் கேட்ட கேள்வியைத்தான் பாரிஸ் விமான நிலையத்திலும் கேட்பார்கள்: இது யாருடைய நாய்? ஒரே கோப்பில் இரண்டு இடத்துக்கும் பொய் இருந்தது.

நாயைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. 2023-இல் வந்த புதிய விதிகளிலும் அதுவே இருக்கிறது. மீட்டவர்கள் கோபப்பட்டார்கள். பிரான்சில் மெத்தை காத்திருக்கும்போது தெருவுக்கா அனுப்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை அந்த அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதியும் முன்பே அவர் எழுதிக் கொடுத்துப் புகாரைத் திரும்பப் பெற்றார். கட்சிக்காரர் வெறுங்கையோடு விமானம் ஏறினார்.

அதன் பிறகு கதவுகள் இன்னும் இறுகிவிட்டன. நாய்வழி ரேபிஸ் அதிகமுள்ள நாடுகளின் நாய்களைத் தத்துக் கொடுப்பதற்காகக் கொண்டுவருவதையும் வணிகமாகக் கணக்கிட்டு, 2022 செப்டம்பர் 28 முதல் கனடா தடுத்துவிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆறு மாதம் நிரம்பாத நாயையோ சிப் இல்லாத நாயையோ அனுமதிப்பதில்லை. இங்கே தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 303-ஆம் பிரிவில் அந்த நாயும் மோதிரமும் அப்படியே இருக்கின்றன.

வெளிநாடு போகும்போது ஒரு நாயைக் கூட்டிப்போகச் சொல்லி யாராவது கேட்டால், நல்ல மனசு இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கோப்பை வாங்கி நீங்களே படியுங்கள். பிடித்த இடத்தில் விசாரித்தார்களா என்று கேளுங்கள். தத்தெடுப்பவர் பெயரில் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா, போகிற நாடு உங்களைத் துணையாளராக ஏற்குமா என்று பாருங்கள். உரிமையாளர் கட்டத்தில் உங்கள் பெயர் இருந்து, நாய் உங்களுடையதாக இல்லையென்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.