முதலில் கொக்கியைப் போடு

ஆனியில் குற்றாலத்துச் சாரல் கட்டிக்கொண்டால் தென்காசிப் பக்கத்து இலஞ்சி, மேலகரம் வயல்களில் தொளி உழவு தொடங்கிவிடும். கார் நெல்லுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வாடகை வண்டி கிடைப்பது பெரும்பாடு. அந்த எரிச்சலில்தான் பலர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். சாவி கைமாறும், ஆர்.சி. புத்தகம் கைமாறும். ஓட்டக் கற்றுத்தருவது மட்டும் விலையில் சேர்த்தி இல்லை.

அதைச் செய்பவர்கள் ஊர் டிரைவர்கள். அப்படி ஒரு அண்ணாச்சியிடம் போனேன். பழைய மாஸி பெர்குசனின் மட்கார்டில் ஏறி உட்காரப் பார்த்த என்னை, "ஓட்டுதவன் மட்டும்தான் மேல" என்று வரப்புக்கு அனுப்பினார். வண்டியையும் கிளப்பவில்லை. வலது காலடியில் இருந்த இரண்டு பிரேக் பெடல்களைக் காட்டினார்.

வயலில் இடது பிரேக்கை மட்டும் மிதித்தால் இடது பின்சக்கரம் நிற்கும். வரப்போரத்தில் வண்டி நின்ற இடத்திலேயே வளையும். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டு பெடலையும் கொக்கியால் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மிதித்தால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக் கவிழும். கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கட்டுக்கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். "இத மாத்திட்டு வாங்க தம்பி. படிப்பு பொறவு."

பழைய வண்டிகளில் எஞ்சினுக்குச் செலவழிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். தொலைந்துபோவது இந்தச் சின்னச் சாமான்கள்தான். ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. அதன் மூடி இல்லாத வண்டிப் பக்கம் சாரம் கட்டிக்கொண்டு நிற்பது தற்கொலைக்குச் சமம்.

ஹாரி பெர்குசன் 1920களில் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் தூக்கியின் வழிவந்ததுதான் இந்த வண்டியின் தூக்கியும். மண் கடினமாகி இழுவை கூடினால் கலப்பையைத் தானே கொஞ்சம் உயர்த்தும். தூக்கியைச் சோதிக்க அண்ணாச்சியிடம் ஒரு வழி உண்டு: கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்புவதற்குள் தரையைத் தொட்டிருந்தால், உள்ளே வேலை இருக்கிறது.

கடைசியாகத்தான் தொளி. பின்சக்கரம் புதைந்தால் முன்னுக்கு முறுக்கவே கூடாது. சக்கரம் சுழல வழியில்லாமல் முன்பக்கம் எழும்பி வண்டி பின்னால் மல்லாந்துவிடும், ஓட்டுபவர் அடியில் கிடப்பார். ரிவர்ஸில் பைய வெளியேற வேண்டும். வராவிட்டால் இன்னொரு வண்டியை அழைக்க வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தென்னிந்தியாவுக்கான மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் இருக்கிறது. தென்காசி விவசாயி அவ்வளவு தூரம் எங்கே போவார்? 2019இல் தனி மாவட்டமான ஊர் இது. வேளாண் பொறியியல் துறை, கார் பருவத்துக்கு முன் வைகாசியிலேயே இங்கு பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு முகாம் நடத்தட்டும். சொல்லித்தர இந்த அண்ணாச்சிமாரையே அழைக்கட்டும், சம்பளம் கொடுத்து.