அந்தப் பின்னை மாட்டியவன் நான்

என் அக்கா மகன் பொறுப்பில்லாதவன் என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. தாத்தாவின் வாட்சை நடுரோட்டில் போட்டு உடைத்தவன் என்பார்கள். அந்தப் பேச்சு பொய். வாட்ச் விழுந்ததற்குக் காரணம் நான். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்.

அது ஹெச்.எம்.டி. ஜனதா. 17 கல், கையால் சாவி கொடுக்க வேண்டியது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து ஹெச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது 1961-ல். அதன்பின் பல்லாண்டுகள் கல்யாணத்துக்கும் பணி ஓய்வுக்கும் நம் வீடுகளுக்குப் பரிசாக வந்தவை அந்த வாட்சுகள்தாம். அக்காவின் மாமனார் கோவையில் நூற்பாலைத் தொழிலாளி. அவர் ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இதை வாங்கிக் கொடுத்தார்கள். கடைசி வரை கட்டியிருந்தார். அவர் போன பிறகு, அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுபவர், தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பார். கையில் கட்டிக்கொள்ள மாட்டார். அது ஓட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

பேரனுக்கு வேலை கிடைத்ததும் வாட்சை அவனுக்குக் கொடுக்க முடிவு செய்தார். பட்டை வெடித்துப் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டார்.

"பழைய மாதிரியே ஒரு கறுப்புப் பட்டை போட்டுக் குடு கண்ணு. அவரு கையில இருந்த மாதிரியே இருக்கோணும்."

அவர் கேட்டது இவ்வளவுதான். நான் அதைச் செய்யவில்லை.

பழைய வாட்சுகள் மேல் எனக்குப் பித்து உண்டு. சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வாட்ச் சம்பந்தமாக எங்கள் குடும்பத்தில் எதுவானாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அளவுக்கு மீறிப் பிடித்திருந்தது. ஒரு சாதாரணக் கறுப்புப் பட்டையை மாட்டிக் கொடுத்தால் என் ஞானம் எங்கே தெரியும்? அப்படித்தான் என் புத்தி போயிற்று.

இந்த வாட்சுக்கு எப்படிப்பட்ட பட்டை பொருந்தும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஜனதாவில் பட்டை மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர். பக்கிள் பக்கம் 16-க்குக் குறுகி வரும் பட்டை அதற்கு அழகு. அகலத்தைவிடத் தடிமன் முக்கியம். அந்தக் காலத்து வாட்சுகள் சிறியவை, மெலிந்தவை. பட்டையைக் காதில் பிடித்து நிறுத்தும் பின்னான ஸ்பிரிங் பாருக்கும் வாட்சின் உடம்புக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. மெல்லிய தோல்தான் அங்கே சிரமமில்லாமல் திரும்பும். உள்ளே திணித்துத் தைத்த தடிப் பட்டை, பெரிய விமானி வாட்சுகளுக்கு உரியது. அதைச் சின்ன வாட்சில் மாட்டினால் தோல் போய் உடம்பில் முட்டும். மணிக்கட்டு மடங்கும்போதெல்லாம் அந்தத் தோல் ஸ்பிரிங் பாரை வெளியே நெம்பும். பார்வைக்கும் வாட்ச் பட்டைக்குள் அமுங்கிவிடும்.

இன்னொன்றும் தெரியும். 1973-ல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் படைகளுக்காக ஒரு நைலான் பட்டைக்கு அளவும் அமைப்பும் வகுத்தது. ஒரே துண்டாக, இரண்டு பார்களுக்கும் உள்ளே புகுந்து வரும். ஒரு பார் கழன்றாலும் வாட்ச் இன்னொன்றில் தொங்கும், கீழே விழாது. விலை உயர்ந்த தோல் பட்டையில் கிடைக்காத பாதுகாப்பு அது. என்னிடமே ஒன்று இருந்தது. முரடாகத் தெரிகிறது என்று ஒதுக்கிவிட்டேன்.

நான் வாங்கியது தடித்த பழுப்புத் தோல். ஓரங்களில் வெள்ளை நூல் தையல். கடையில் அதன் பக்கத்திலேயே மெல்லிய கறுப்புப் பட்டை இருந்தது. விலையும் குறைவு. பழுப்பைக் கையில் எடுக்கும்போதே, இதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அத்தையின் முகம் அப்போது என் நினைவில் இல்லை.

எனக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பட்டையைக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்தத் தடிமன் இதுக்கு ஆகாதுங்க. கேஸ்ல போய் முட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் அந்தக் காலத்து ஆள், இதெல்லாம் பழகியிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே மாட்டிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு உட்கார்ந்து மாட்டினேன். அவர் சொன்னபடியே முட்டியது. வாட்சில் இருந்த 1.5 மில்லிமீட்டர் பாரோடு அந்தத் தோல் உள்ளே போகவே இல்லை. என் டப்பாவில் இருந்த 1.3 மில்லிமீட்டர் பாரை எடுத்தேன். அதன் நுனிகளும் மெலிந்தவை. பல வருடம் உழைத்த வாட்ச், காதுகளில் உள்ள குழிகள் தேய்ந்து அகன்றிருந்தன. மெலிந்த நுனி அகன்ற குழியில் நிற்காது என்பது யாருக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனாலும் அழுத்தினேன்.

ஸ்பிரிங் பார் குழியில் சரியாக உட்காரும்போது ஒரு சின்ன சத்தம் வரும். ஒரு முனையில் வந்தது. இன்னொரு முனையில் வரவில்லை.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டையைப் பிடித்து ஓங்கி இழுத்துப் பார்க்க வேண்டும். நான் இழுக்கவில்லை. மறதியால் அல்ல. இழுத்தால் கழன்றுவிடும் என்று பயந்தேன். கழன்றால் ரிப்பேர்காரர் சொன்னது சரி என்று ஆகிவிடும். மேசை விளக்கைத் திருப்பிவைத்து, படம் எடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் வாட்சைக் கொடுத்தேன். அத்தை புதுப் பட்டையைத் தடவிப் பார்த்தார். "கறுப்பு கெடைக்கலீங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். இதுதான் இப்போது நல்லது என்றேன். பையன் கட்டிப் பார்த்தான். கையைத் திருப்பினான். "மாமா, ஒரு பக்கம் லேசா ஆடற மாதிரி இருக்குதே" என்றான்.

வாசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்திருந்தது. வாட்சைப் பற்றி ஒன்றும் தெரியாத பையன், கட்டிய நிமிடமே கண்டுபிடித்துவிட்டான். கேட்கவும் கேட்டான். தோல் புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்றேன். தாய்மாமன் சொன்னால் அவன் நம்புவான். நம்பினான்.

அந்த வாரமே, காந்திபுரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்த கையிலிருந்து வாட்ச் கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் இறங்கியவர் அதை மிதித்துவிட்டார். பாராஷாக் என்று டயலிலேயே எழுதியிருக்கும், அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. அதனால் இயந்திரம் தப்பியது. கண்ணாடி உடைந்து, ஒரு முள் காணாமல் போய், டயலின் பாதி மண்ணில் தேய்ந்துவிட்டது.

வீட்டில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்ததும் புரிந்தது. ஒரு பக்கப் பட்டை வாட்சிலேயே இருந்தது. சத்தம் வராத பக்கத்தின் ஸ்பிரிங் பாரைக் காணோம். தப்பு யாருடையது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அத்தான் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தை, பேரனை உயிராக வளர்த்தவர், "தாத்தன் பொருளைக் காப்பாத்தத் தெரியலையே உனக்கு" என்றார். பையன் என்னைப் பார்த்தான். ஆடுகிறது என்று நான் சொன்னேனே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்காகக் காத்திருந்தான்.

"கொஞ்சம் பாத்துக் கட்டியிருக்கலாம்டா" என்றேன் நான்.

இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. ஸ்பிரிங் பாரைத் தப்பாக மாட்டியது அகந்தையும் அலட்சியமும். இது கோழைத்தனம். நான்கு பேர் முன்னால் என் பெயர் கெடக்கூடாது என்று ஒரு பையனின் பெயரைக் கெடுத்தேன்.

பழுது பார்த்தோம். ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. உதிரிபாகம் வேண்டுமென்றால் வேறொரு பழைய வாட்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஜனதாவுக்கு டயல் கிடைப்பது சிரமமில்லை, ஆனால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை புதிதாக வண்ணம் பூசி எழுத்து அச்சடித்தவை. அப்படி ஒன்றைப் போட்டோம். பளபளவென்று இருந்தது. அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தார். காலையில் சாவி கொடுக்கும் பழக்கம் அதோடு நின்றது. அக்காவின் மாமனார் நேரம் பார்த்த முகம் என்னால் போயிற்று. அத்தைக்குத் தினமும் அவரோடு இருந்த அந்த ஒரு நிமிடமும் போயிற்று. பையன் அதன்பின் வாட்சே கட்டுவதில்லை. அத்தை இறந்துவிட்டார். பேரன்தான் உடைத்தான் என்று நம்பியே போனார். அவரிடம் சொல்ல எனக்கு நாட்கள் இருந்தன. சொல்லவில்லை.

அவனிடம் சொன்னது அதற்கும் பிறகு. "எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா" என்றான். வேறு எதுவும் பேசவில்லை. மன்னித்தான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் உறவினர்கள் பலர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதினேன். அடுத்த கல்யாணத்திலோ காதுகுத்திலோ அந்த வாட்ச் பேச்சு வந்தால், என் பெயரைச் சொல்லுங்கள். அவன் பெயரைச் சொல்லாதீர்கள்.