மாரியை எதிர்கொள்ளும் பரந்தன்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கே வருவோர், ஆனையிறவைக் கடந்ததும் இருமருங்கும் வயல்வெளி விரியக் காண்பர். முல்லைத்தீவு வீதியும் பூநகரி வீதியும் கண்டி வீதியோடு வந்து கூடும் சந்தியே பரந்தன். பெயருக்கேற்பக் குன்றொன்றும் இல்லாத பரந்த நிலம். பெய்த மழைநீர் எவ்வழி போவதென்று தயங்கி நிற்கும் நிலம் என்றும் சொல்லலாம்.

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்துக்கென வீட்டை ஆயத்தஞ் செய்வர். ரொறொன்ரோ நகரின் தொடர்மாடிகளில் வாழும் நம்மவரும் சாளர இடுக்குகளை அடைத்துக் குளிரைத் தடுப்பர். வன்னியிலோ குளிர் மழையோடு வருவது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டிவிடும். ஆகவே இங்கே தடுக்க வேண்டியது நீரை.

புரட்டாசியிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. காலபோக விதைப்பும் அதே நாட்களில் வருவதால், வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே கைகள்தாம். நொறுங்கிய ஓடுகளை மாற்றி, முகட்டோடுகளுக்குச் சீமெந்து பூசுவர். பீலியில் அடைந்த சருகை வாருவர். ஓலைக் கொட்டிலாயின் இற்றுப்போன ஓலையைக் களைந்து புதிது வேய்வர். சுவரடிக்கு மண் அணைப்பர். விறகையும் விதைநெல்லையும் நிலத்தினின்று உயர்த்தி வைப்பர். கிணற்றுக்கட்டில் வெடிப்பிருந்தால் அடைப்பர். வெள்ளம் கிணற்றுள் இறங்கிவிட்டால் குடிநீர் கெடுமன்றோ?

இவ்வூராருக்குக் கூரை என்பது வெறும் ஓடும் மரமுமன்று. போரின் இறுதிக்கட்டத்தில் ஊரைவிட்டு நீங்கிய மக்கள், 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டபோது கூரையற்ற சுவர்களையே பலரும் கண்டனர். முதல் மாரிகளைத் தறப்பாளின் கீழ்க் கழித்தோர் பலர். பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ், வீட்டுக்கு 5,50,000 ரூபாய் தவணை தவணையாகப் பெற்று, வடக்கில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தாமே முன்னின்று வீடு கட்டின. அத்தகையோர் ஓர் ஒழுக்கைக் கண்டாலும் உறங்கார்.

ஆயினும் கூரை மட்டும் காவாது. 2018ஆம் ஆண்டு மார்கழியில் பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்க, ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. நல்ல ஓட்டு வீடுகளின் உள்ளும் வெள்ளம் புகுந்தது.

தன் வளவின் நீரை வெட்டிவிட்டால் அது அயல் வளவுக்குப் போகும். அயலவர் மண்போட்டு மறித்தால் மீண்டும் நம் முற்றத்துக்கே வரும். ஒழுங்கையோர வாய்க்காலைக் குப்பையால் நிரப்பினாலோ மதிலால் மறித்தாலோ அவ்வொழுங்கை முழுவதும் துன்புறும். தொடர்மாடியில் கூரை எல்லார்க்கும் பொது. பரந்தனில் வாய்க்கால் எல்லார்க்கும் பொது. தொடர்மாடியின் கூரையைப் பேண அங்கே நிருவாகம் உண்டு. இங்கே அப்பொறுப்பின் ஒரு பங்கு அயலவர் கையில்தான் இருக்கிறது.

ஆதலால் மண்வெட்டி எடுக்கும் நாளை அயலவரோடு பேசிக் குறிப்பது நன்று. வீட்டுக்கு ஒருவர் வந்தாலும் ஒரு காலைப்பொழுதில் ஒழுங்கை வாய்க்கால் துப்புரவாகிவிடும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறதென்று அறிந்த பிள்ளை, பின்னாளில் அவ்வழியை மறித்து மதில் கட்டாது.