மூன்று லட்ச ரூபாய் வண்டியும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்



பிழைப்புக்காக ஊரை விட்டு நகரத்திற்கு வந்த நம் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் ஒரு காரியத்தைக் குறித்து இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம் வாலிபர்கள் வாங்க ஆசைப்படும் பெரிய மோட்டார் சைக்கிளைக் குறித்ததே அது. மலைப்பாதையிலும் கரடுமுரடான வழியிலும் போவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளை "அட்வென்ச்சர் பைக்" என்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணில் முதலில் நிற்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016ஆம் ஆண்டு 411 சி.சி. இஞ்சினுடன் வந்தது. 2023 நவம்பரில் 452 சி.சி. இஞ்சினுடன் புதிய வண்டியாக வந்தபோது அதன் தொடக்க விலை 2,69,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதமாக்கப்பட்டது, அதுவரை செஸ் உட்பட 31 சதவீதமாயிருந்தது. அதன் பின் அந்த வண்டியின் விலை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 350 சி.சி.யும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கோ அதே நாளில் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இந்த வித்தியாசத்தை எத்தனை வாலிபர்கள் கவனித்தார்களோ!

என் தங்கை மகன் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். சொந்த ஊர் சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரம். ஹிமாலயன் உருவாகும் தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருப்பதால், தினமும் லாரியில் ஏறிப் போகும் புது வண்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் அவன் வேலைக்குப் போகிறான். ஆசை வராமல் இருக்குமா? ஜெபத்தில் வைத்திருப்பதாகவும், விசுவாசத்தில் எடுக்கப்போவதாகவும் சொன்னான். லடாக்கிற்குப் போகவேண்டும் என்பது அவனுடைய கனவு. ஃபைனான்ஸ்காரர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார் என்று என்னிடம் வந்தான்.

அன்பானவர்களே, மோட்டார் சைக்கிள் உலகப்பிரகாரமான காரியம், அதை விட்டு விலகுங்கள் என்று எழுத நான் வரவில்லை. சைக்கிளிலும் டி.வி.எஸ். 50-லும் கிராமம் கிராமமாய்ச் சென்று சுவிசேஷம் அறிவித்த ஊழியர்களின் பிள்ளைகள் நாம். இருபத்துநாலு வயதில் மலையைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமுமல்ல. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கோபுரம் கட்ட நினைத்த மனிதனைப் பற்றிப் பேசியபோது, கட்டாதே என்று சொல்லவில்லை. முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார் என்கிறார். அப்படியே நானும் தங்கை மகனை உட்காரவைத்து, ஒரு நோட்டை எடுத்தேன். அந்தக் கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். உங்கள் வீட்டில் வண்டி வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

ஷோரூம் விலையை வட்டமாக மூன்று லட்சம் என்று வைத்தோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்திற்கு ஆயுள் வரி 12 சதவீதம், அது 36,000. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். 2022இல் அறிவித்த விகிதப்படி 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு அது 15,117 ரூபாய், அதன்மேல் வரி. 150 முதல் 350 சி.சி. வரைக்கும் 7,365 தான். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீட்டையும் பதிவுச் செலவையும் சேர்த்தால் சாலைக்கு வரும்போது ஏறத்தாழ 3,62,000. அவன் கையில் 62,000 இருந்தது. மூன்று லட்சம் கடன்.

"ஒன்பது சதவீத வட்டிதான் மாமா, நாலு வருஷம், மாசம் 8,500 டியூ" என்றான். எல்லாரும் ஏமாறும் இடம் இதுவே என்பதால் சற்று நிதானமாக எழுதுகிறேன். அது ஃப்ளாட் வட்டி. மூன்று லட்சத்திற்கு ஒன்பது சதவீதம் வருடத்திற்கு 27,000, நாலு வருடத்திற்கு 1,08,000. அசலோடு சேர்த்து 4,08,000. அதை 48ஆல் வகுத்தால் 8,500. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் அவன் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறான்! கடன் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும், கடைசி மாதத்தில் சில ஆயிரமே பாக்கி நிற்கும்போதும், முழு மூன்று லட்சத்திற்கும் வட்டி வாங்கப்படுகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இந்த "ஒன்பது" உண்மையில் பதினாறு சதவீதம். நிஜமான ஒன்பது சதவீதமாயிருந்தால் மொத்த வட்டி 58,000 அளவில் முடிந்திருக்கும். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய் "ஃப்ளாட்" என்ற ஒரு சொல்லில் மறைந்திருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் கொடுக்கிற ஒவ்வொரு வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த உண்மையான வருட விகிதத்தை எழுதி, முக்கிய விவரத் தாளாகக் கையில் கொடுக்கவேண்டும். கேட்டு வாங்குங்கள். கையெழுத்துக்கு முன்பாக வாங்குங்கள். பின்பு வாங்கிப் பிரயோஜனமில்லை. ப்ராசஸிங் கட்டணம், கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்ஷூரன்ஸ், தவணை திரும்பினால் விழும் அபராதம் எல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வரும்.

அதற்குப் பின் அவன் எழுதியிருந்த சாமான்கள்: பக்கவாட்டுப் பெட்டிகள், இஞ்சினைக் காக்கும் கம்பி, ஜாக்கெட், நல்ல ஹெல்மெட். 38,000 ரூபாய். ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் நான் குறைக்கவில்லை. பெட்டிகளைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டான்.

அவன் வேலைக்குப் போய்வர மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. இப்போது வைத்திருக்கும் பழைய 100 சி.சி. வண்டிக்கு 1,700 ரூபாய் பெட்ரோல் போதும். பெரிய வண்டி லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 3,600. சர்வீஸ், டயர், செயின் இவற்றிற்கு மாதம் 1,200 என்று ஒதுக்கினோம். நாலு வருடத்தையும் கூட்டியபோது ஏழரை லட்சம் வந்தது. முடிவில் வண்டியை விற்று ஒன்றரை லட்சம் திரும்பினாலும் ஆறு லட்சம் போனது போனதுதான்.

ஏழரை லட்சம் என்ற தொகை அவனை அசைக்கவில்லை. வாலிபருக்கு லட்சங்கள் வெறும் எண்கள். ஆகவே நோட்டின் அடுத்த பக்கத்தில் ஒரு மாதத்தை மட்டும் எழுதினோம். சம்பளம் 24,000. தசமபாகம் 2,400. அறை வாடகைப் பங்கு 4,000. சாப்பாடு 4,500. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு 6,000. மீதி 7,100. வண்டிக்கு வேண்டியதோ தவணையும் பெட்ரோலும் சர்வீஸும் சேர்த்து 13,300. பற்றாக்குறை 6,200.

அவன் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றாக்குறைக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கும் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் தாய், என் தங்கை, கார்வேட்டிநகரத்தில் சிறிதளவு மாந்தோப்பு வைத்திருக்கிறாள். தோத்தாபுரிக் காய்தான். நல்ல வருடத்தில் எட்டு டன் காய்க்கும். 2025 பருவத்தில் சித்தூர் மாவட்டத்தில் விலை எப்படி விழுந்தது என்பதை அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் உள்ள எல்லாரும் அறிவீர்கள். கூழ்த் தொழிற்சாலைகள் கிலோவுக்கு எட்டு ரூபாய் கொடுக்கவேண்டும், அரசு நாலு ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. டிராக்டர்கள் தொழிற்சாலை வாசலில் வரிசையாய்க் காத்துக் கிடந்தன. எட்டு ரூபாய் என்றால் ஒரு டன் காய் 8,000. ஒரு மாதத் தவணைக்கு ஒரு டன் போதாது! கடன் முழுவதும் அடைய ஐம்பத்தோரு டன். ஆறு வருடத்துக்கு மேற்பட்ட விளைச்சல். அதுவும் உரம், மருந்து, பறிகூலி, வண்டி வாடகை எதையும் கழிக்காமல்.

இன்னும் ஒரு காரியம். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள புத்தூர் எலும்புக் கட்டுக்குப் பெயர்பெற்ற இடம். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கையையும் காலையும் முறித்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். அங்கே காத்திருக்கிறவர்களில் வண்டியிலிருந்து விழுந்த வாலிபர் எத்தனை பேர் என்று ஊர்க்காரர் எவரும் சொல்லுவார்கள். ஹிமாலயனின் எடை 196 கிலோ, இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். என் தங்கை மகன் அறுபது கிலோ கூட இல்லை. காப்பீடு வண்டியைப் பழுதுபார்க்கும். உரிமையாளருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் ஏது? 2017இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஈ.எஸ்.ஐ. வரம்பை இவன் சம்பளம் தாண்டிவிட்டபடியால் அந்த ஆதரவும் இல்லை. தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வரும்.

இனி என் கையெழுத்துக்கு வருகிறேன். ஜாமீன் என்பது சிபாரிசுக் கடிதம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்வாங்கியவருடைய பொறுப்பின் அளவே ஆகும். அவனிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வரவேண்டும் என்று அதில் இல்லை. இன்னும் பாருங்கள்: ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் கடன் பாக்கி ஏறத்தாழ 2,41,700 நிற்கும். காப்பீட்டுக் கணக்கிலோ அந்த வயது வண்டிக்கு 20 சதவீதம் தேய்மானம் கழித்து மதிப்பு 2,40,000 தான். வண்டி திருடுபோனாலும் கிடைக்கும் பணம் கடனை முழுவதும் மூடாது. பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டால் இன்னும் குறைவாகவே போகும். விழுகிற குறையை நானும் அவனும் கட்டவேண்டும். கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஒரு வங்கி வழக்கில் கண்டித்தது மெய்தான். ஆனாலும் தங்கை தனியாக இருக்கும் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்று மரியாதையாகவே பேசினாலும், தெரு முழுவதும் கேட்குமே!

பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகளின் புத்தகம் ஒரு தடவையல்ல, பல அதிகாரங்களில் எச்சரிக்கிறது. நம் சபைகளில் அந்த வசனங்கள் மீது பிரசங்கம் கேட்டது எனக்கு அதிகம் நினைவில்லை. புது வண்டி வாங்கிய ஞாயிற்றுக்கிழமை சாவியைப் போதகர் கையில் கொடுத்து ஜெபிக்கிறோம், சாட்சி சொல்லுகிறோம், சபையார் கைதட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கடைசித் தவணை கட்டி, கடன் இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ்காரர் பெயரை நீக்கியதற்காக எவராவது எழுந்து சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? இருபது வருடமாய் நான் கேட்டதில்லை. அப்படி ஒரு சாட்சிக்கும் போதகர்கள் நேரம் கொடுத்தால், தவணையில் தவிக்கும் வாலிபன் வெட்கமின்றி வாய்திறப்பான் என்று நினைக்கிறேன். 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில் கோடரி தண்ணீரில் விழுந்தபோது அந்த மனிதன் கதறினதன் காரணம் அது இரவல் என்பதுதான். தீர்க்கதரிசியின் முன்பாக அவன் அதை மறைக்கவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அவன் மனம் வாடித்தான் போனான். இரண்டு வாரம் போனும் இல்லை. தங்கை அழைத்து, "அண்ணா, பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறானாம், போட்டுக் கொடுத்துவிடேன். எனக்குப் பணம் அனுப்பாவிட்டால் என்ன, நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். தாய்மார் இப்படித்தான் சொல்லுவார்கள். அந்தப் பக்கத்துக் கணக்கு அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் அவனே பேசினான். லே நகரத்தில் இதே வண்டி நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, ரயிலிலும் பஸ்ஸிலும் போய் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்தால் எவ்வளவு ஆகும் என்று நண்பர்களோடு விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். அதே மூச்சில், 411 சி.சி. பழைய ஹிமாலயன் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது என்றும் சொன்னான். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி எத்தனை, ஃப்ளாட்டா, குறையும் பாக்கியா என்று கேட்டேன். தெரியவில்லை, விவரத் தாள் கேட்டிருக்கிறேன் மாமா என்றான்.

வருகிற மாதம் நாங்கள் இருவரும் ரயிலில் புத்தூருக்குச் சென்று, அங்கிருந்து கார்வேட்டிநகரம் போகிறோம். அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறான், அம்மாவிடம் காட்டவேண்டுமாம்.